டீச்சரின் காலைத் தட்டுவது எப்படி

மதுரைக்கு நான் போனது கீழே விழுவதற்காக. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டபோது, "ஒரு ஜூடோ பரீட்சை" என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். நான் நொண்டிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்க வேண்டும். "பேரப்பிள்ளைக்குங்களாம்மா?" என்றார். "இல்லை, பரீட்சை வைப்பதே நான்தான்" என்றதும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. பகலில் மருந்துக்கடை, சாயங்காலம் ஜூடோ. ஜூடோவில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிரில் நிற்பவரின் சட்டையைப் பிடித்து, அவருடைய எடையை வைத்தே அவரைத் தரையில் சாய்க்கும் ஜப்பானியக் கலை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிப்போம். என் முழங்கால் இந்த லட்சணத்தில் இருப்பதற்கு அந்த நண்பர்கள்தான் காரணம்.

எங்களோடு சில வருஷம் பயின்ற ஜெயராஜ் மதுரைக்காரர். ஊர் திரும்பி ஒரு வகுப்பு ஆரம்பித்தவர், பிறகு துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "அக்கா, எங்க வகுப்புல ஒரு டீச்சர் கறுப்பு பெல்ட்டுக்கு நிக்கிறாங்க. நான் இல்லாம போன்ல வீடியோ பாத்துப் பாத்தே பழகியிருக்காங்க. ஒரு வாரம் முன்னாடியே போய் என்ன ஏதுன்னு பாத்துட்டு, பரீட்சையிலயும் உக்காந்துருங்க. உங்களுக்கு அயிரை மீன் குழம்பு கேரண்டி." மற்ற காரணங்களை விட்டாலும் கடைசிக் காரணம் வலுவானது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு. விடிவதற்கு முன்பே "தேனி தேனி தேனி, பெரியகுளம், போடி" என்று ஒரு குரல் அறைக்குள் வந்துவிடும். ஈப்போவில் என்னைப் பறவைகள் எழுப்பும். இங்கே தேனி எழுப்பியது. ஆனால் கீழே இறங்கினால் எதிர்க் கடையில் இட்லி. ஈப்போவில் காப்பிக் கடைக்காரர் ரொட்டியை வைத்துவிட்டுப் போனால் அவ்வளவுதான், நம்மைத் திரும்பிப் பார்க்கமாட்டார். இங்கே பரிமாறுபவர் நான் இலையைப் பார்க்காத நேரம் பார்த்து இன்னும் இரண்டு வைத்தார். "போதும் போதும்" என்று கையை நீட்டினேன். "என்னக்கா இது, இம்புட்டுத்தான் சாப்பாடா? வெளியூரா?" என்றார். அவமானமாக இருந்ததால் அந்த இரண்டையும் தின்றேன்.

பயிற்சி நடக்கும் இடம் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம். டவுன் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் மலேசிய மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனதில் தெப்பக்குளம் தாண்டிவிட்டது. "தெப்பக்குளம் தெப்பக்குளம்னு தொண்டை வத்தக் கத்துனேன்லக்கா, அம்புட்டுப் பெரிய குளம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். திரும்பி வர ஷேர் ஆட்டோ. அதில் எனக்குக் கிடைத்தது பாதி சீட். எதிரே இருந்த பெண் போனில் யாரையோ கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கியதில் அவள் கால் என் காலில் பட்டது. திட்டுவதை நிறுத்தாமலே குனிந்து என் முழங்காலைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கள் ஊர்த் தமிழர்களிடமும் இது உண்டுதான். ஆனால் ஜூடோ விரிப்பில் ஏறும்போது செருப்போடு சேர்த்து அதையும் வெளியே கழற்றி வைத்துவிடுவோம். அந்தப் பெண் செய்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். இன்னும் அரை மணி நேரத்தில் அதுவே எனக்குத் தலைவலியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. முகூர்த்த நாட்களில் விரிப்பைச் சுருட்டிவிட்டுப் பந்தி போடுவார்களாம். உள்ளே நுழைந்ததும் ஜூடோ உடுப்பின் வியர்வை வாசனையோடு பழைய சாம்பார் வாசனையும் வந்தது. இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள்.

உயரமானவர் பாண்டிச்செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. குடும்பம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயம் செய்கிறது. பரீட்சை இவருக்குத்தான். இன்னொருவர் ஸ்டெல்லா டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர், அதே பள்ளியில் கணக்கு. குட்டையாக, உருண்டையாக, மூக்குக்கண்ணாடியோடு இருந்தார். செல்வி தூக்கிப் போடுவதற்கு விழுந்து கொடுப்பவர் இவர்.

"நீங்களும் கறுப்பு பெல்ட் எடுக்கலாமே டீச்சர்?" என்றேன்.

"அய்ய, எனக்கெதுக்கு மேடம்? டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடக்கிறது போரடிச்சுச்சு, விழ வந்துட்டேன்" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் விழுந்ததைப் பார்த்தேன். ஒருவரின் ஜூடோவை நான் எடைபோடுவது அவர் விழுவதை வைத்துத்தான். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க, உள்ளங்கையும் முழங்கையும் சேர்ந்து விரிப்பில் 'டப்'பென்று அறைய, உடம்பின் அதிர்ச்சி முழுவதும் அந்த அறையோடு போய்விட வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் அப்படித்தான் விழுந்தார். எழுந்து, "இன்னொன்னு போடுடி" என்றார்.

பரீட்சையில் முக்கியமானது ஒரு காட்சி. முன்கூட்டியே வரிசைப்படுத்தப்பட்ட எறிதல்களை, ஒரு சொட்டு கூடுதல் அசைவு இல்லாமல் செய்துகாட்ட வேண்டும். கையால் எறிவது, இடுப்பால் எறிவது, காலால் எறிவது, ஒவ்வொன்றும் வலப்பக்கமும் இடப்பக்கமும். கை வரிசையைச் செல்வி சுத்தமாக முடித்தார். இடுப்பு வரிசையில் ஸ்டெல்லா டீச்சரை அரிசி மூட்டையை இறக்குவதுபோல் அலட்டாமல் இறக்கினார். எனக்கு வேலையே இல்லை, மீன் குழம்பு தின்றுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

கால் வரிசை ஆரம்பித்தது. முதலாவது, இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்வது. நகரும்போது எதிராளியின் இரண்டு பாதமும் ஒன்றுசேரும் ஒரு கணம் உண்டு. எடை எந்தக் காலிலும் உறுதியாக இறங்காத அந்தக் கணத்தில் நம் உள்ளங்காலை அவர் கணுக்காலுக்குக் கீழே வைத்துத் துடைப்பம்போல் அள்ள வேண்டும். கை இரண்டும் மேலே தூக்க, ஆள் ஒரு கணம் காற்றில் படுத்திருப்பார். செல்வி அள்ளினார். ஸ்டெல்லா டீச்சர் அழகாகப் பறந்து விழுந்தார். உடனே செல்வி பிடித்திருந்த சட்டைக் கையை விட்டுவிட்டு, குனிந்து டீச்சர் தோளைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நிறுத்துங்க" என்றேன். "அது என்ன?"

"எது மேடம்?"

தான் செய்தது அவருக்கே தெரியவில்லை. இடப்பக்கம் செய்யச் சொன்னேன். அள்ளல், விழுதல், ஒற்றல். இரண்டாவது எறிதலில் உள்ளங்காலை எதிராளியின் கணுக்காலில் அணையாக வைத்து இழுக்க வேண்டும். வைத்தார், இழுத்தார், ஒற்றிக்கொண்டார். மூன்றாவதில் தொடையால் உள்தொடையைத் தூக்கி எறிய வேண்டும். அதிலும் அதே கதைதான்.

எறிந்து முடித்த பிறகும் எதிராளியின் கையை விடாமல், நிமிர்ந்து, விழிப்போடு நிற்பது இந்தக் கலையின் உயிர். அந்த நேரத்தில் கையை விட்டுக் குனிந்து கன்னத்தைக் காட்டினால், கீழே கிடப்பவர் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடலாம். இதை நான் விளக்கியபோது செல்வி பரிதாபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும் மேடம். கையி தானாப் போகுது. இவங்க எனக்கு எட்டாங்கிளாஸ் டீச்சர். டீச்சர் மேல காலு பட்டா எப்படி மேடம் சும்மா நிக்கிறது?"

"எட்டாங்கிளாஸ்ல நான் குடுத்த ஹோம்வொர்க்கைச் செஞ்சதில்ல. இப்பத்தான் மரியாதை பொங்குது" என்றார் ஸ்டெல்லா டீச்சர் படுத்தவாறே.

அன்று தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்தபோதுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது. அவர்கள் பள்ளியின் பழைய மாணவிகள் சேர்ந்து பெண்களுக்கு ஜூடோ கற்றுக்கொடுப்பதற்காக விரிப்புகள் வாங்கித் தந்திருக்கிறார்கள். அவை சுருட்டிய நிலையில் ஒரு அறையில் கிடக்கின்றன. நிர்வாகம், கறுப்பு பெல்ட் வாங்கிய டீச்சர் இருந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் அந்த அறையில் தையல் மிஷின் என்று சொல்லிவிட்டது. பரீட்சை வைக்க என்னோடு உட்காரப் போகும் ஹயாஷி, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜப்பானியர். இந்த மாதக் கடைசியில் அவர் ஜப்பான் திரும்புகிறார். அவர் போய்விட்டால் மறுபடி பரீட்சை எப்போது என்பது யாருக்கும் தெரியாது.

"நூத்துக்கணக்குல பிள்ளைங்க மேடம்" என்றார் செல்வி. "பஸ்ல ஒருத்தன் கையப் புடிச்சா உதறத் தெரியாது. மருந்துக்காவது ஒரு தைரியம் வேணும்ல. நான் அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப எனக்கு யாரும் இதச் சொல்லித்தரல."

ஜெயராஜுக்குப் போன் போட்டேன். ஹயாஷி எப்படி என்று கேட்டேன். "அவரா? தங்கமான மனுசன்க்கா. பெல்ட் முடிச்சு கோணலா இருந்துச்சுன்னு ஒருத்தனத் திருப்பி அனுப்பிட்டாரு" என்றார். அன்றைக்குக் கறிதோசைகூட எனக்கு ருசிக்கவில்லை. முழுவதையும் தின்றேன், ஆனால் ருசிக்கவில்லை.

மறுநாள் டீச்சருக்குப் பதில் நானே விழ நின்றேன். செல்வி என் காலை அள்ளினார். நான் விழுந்தேன், முழங்கால் கத்தியது. அவர் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

"நான் உனக்கு டீச்சர் இல்லையேம்மா!"

"விருந்தாளி மேடம். அது இன்னும் மோசம்ல."

மனிதரே வேண்டாம், பொம்மை செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. என் யோசனைகளில் எனக்கு எப்போதும் மரியாதை அதிகம். ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய விடைத்தாள்களைச் சாக்கில் திணித்து, கால்போல் இரண்டு உருளை கட்டிக் கொண்டுவந்தோம். செல்வி பொம்மையின் காலுக்கு முன்னால் நின்றார். காலைத் தூக்கினார். இறக்கிவிட்டார்.

"உள்ள என்ன மேடம்?"

"பேப்பர்."

"எழுதுன பேப்பரா? அதை எப்படி மேடம் மிதிக்கிறது?" என்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஸ்டெல்லா டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீ தப்பா எழுதுன கணக்குத்தான்டி அது. அதுல எந்தச் சாமியும் இருக்காது." பிறகு என்னிடம் திரும்பி, "நானும் மிதிக்க மாட்டேன் மேடம். சர்ச்சுக்குப் போறவதான், ஆனா பைபிள்னு இல்ல, பஸ் டிக்கெட்டுல காலு பட்டாலும் கண்ணுல ஒத்திக்கிருவேன்" என்றார். சாக்கைப் பிரித்தோம். வைக்கோல் திணிக்கலாம் என்றேன். அதற்கு நாகமலை போக வேண்டும்.

போனோம். ஊருக்கு மேற்கே பஸ் திரும்பியதும் நாகமலை நீளமாகப் படுத்திருந்தது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் பாதி பஸ்ஸை நிறைத்துக்கொண்டு, ஒருவனுடைய காதலைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி விவாதித்தார்கள். "மாப்ள, அவ பாத்தது உன்னை இல்லடா, பின்னாடி வந்த பஸ்ஸை" என்றான் ஒருவன். எங்கள் ஊர்ப் பேருந்தில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு ஊமையாக இருப்பார்கள். நான் இறங்க வேண்டிய இடத்தை மறுபடியும் தவறவிட இருந்தேன். செல்விதான் இழுத்து இறக்கினார்.

செல்வியின் மாமியார் வீட்டில் அயிரை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குமுன் வைக்கோல் எடுக்கத் தோட்டத்துக்குப் போனோம். தார் வெட்டிய வாழைமரங்கள் சாய்க்கக் காத்து நின்றன. செல்வி சேலையைச் சொருகிக்கொண்டு ஒரு மரத்தின் அடியை உள்ளங்காலால் அள்ளினார். அப்படி ஒரு அள்ளலை நான் ஈப்போவில் பார்த்ததில்லை. மரம் 'சளக்'கென்று சாய்ந்தது. கண்ணில் ஒற்றவில்லை. நிமிர்ந்து நின்றார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம். அவருடைய மாமனார் வேலியோரம் நின்று, "ஏத்தா, இம்புட்டு நாளா நான் எதுக்குக் கூலிக்கு ஆள் வச்சேன்?" என்றார்.

ஆக, காலில் குறையில்லை. கையிலும் குறையில்லை. எதிரே ஒரு மனுஷி நின்றால்தான் கஷ்டம். இனி வைக்கோல் பொம்மை எதற்கு? எனக்கு இதில் எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உண்மையைச் சொன்னால், குழம்பைத் தொட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தபோது இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் செல்விதான் கேட்டார். "மேடம், கையை நிறுத்த முடியாது. பொறந்ததுலருந்து வந்த கையி. ஆனா ஒண்ணு கேக்கவா? முன்னாடியே கேட்டுக்கிரலாமா?"

"எதை?"

"மன்னிப்பை. ஆரம்பத்துல நானும் டீச்சரும் எதிரெதிர்ல முட்டிபோட்டுக் கும்புடுறோம்ல, அங்கயே."

நான் எச்சில் கையோடு அவரைப் பார்த்தேன். காட்சி தொடங்கும்போது இருவரும் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரிப்பில் ஊன்றி ஒருவருக்கொருவர் தலைவணங்க வேண்டும். நான் முப்பது வருஷமாக வணங்குகிறேன். இனி உன்னை நான் என்னவெல்லாம் செய்யப் போகிறேனோ அதற்கெல்லாம் சேர்த்து என்று ஒருநாளும் நினைத்து வணங்கியதில்லை. அது ஒரு ஆரம்ப மணி, அவ்வளவுதான்.

"கேட்டுக்கோ" என்றேன். "நல்லா மெதுவாக் கேட்டுக்கோ. அவசரப்படாதே."

அன்று சாயங்காலமே மண்டபத்தில் முயன்றோம். செல்வி வணங்கினார். எழவில்லை. ஸ்டெல்லா டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். "எம்புட்டு நேரம்டி கேப்ப? நான் எப்பவோ மன்னிச்சாச்சு" என்றார் கீழே பார்த்தபடி. எழுந்து, கால் வரிசைக்கு வந்து, செல்வி அள்ளினார். டீச்சர் விழுந்தார். செல்வி சட்டையை விடவில்லை. இடப்பக்கம் விட்டுவிட்டு ஒற்றிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து. பரீட்சைக்கு முந்தைய நாள் வரைக்கும் கை சில தடவை நின்றது, சில தடவை கண்ணுக்குப் போனது. எது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பரீட்சையன்று மண்டபத்தில் கீழே காதுகுத்து. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நல்லவேளையாகப் பந்தியைக் கீழேயே போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது வாசலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹயாஷி கார் கதவைத் திறந்து இறங்கியதும், வரவேற்பில் நின்றவர்கள் தாய்மாமன் வீட்டுப் பெரிய மனிதர் என்று நினைத்தார்களோ என்னவோ, சந்தனம் பூசிப் பன்னீர் தெளித்துவிட்டார்கள். அவர் அதைத் துடைக்காமலே மாடிக்கு வந்தார். ஒல்லியான, அசையாத மனிதர். என்னிடம் ஜப்பானிய முறையில் குனிந்தார். முழங்கால் அனுமதித்த அளவுக்கு நானும் குனிந்தேன்.

செல்வியும் ஸ்டெல்லா டீச்சரும் வெள்ளை உடுப்பில் எதிரெதிராக மண்டியிட்டார்கள். கீழே மேளம். ஆட்டுக்கறி மணம் படியேறி வந்தது. செல்வி விரிப்பில் கை ஊன்றிக் குனிந்தார். நீளமாகவே குனிந்தார். ஹயாஷி லேசாகக் கண்ணைச் சுருக்கினார்.

கை வரிசை போயிற்று. இடுப்பு வரிசை போயிற்று. நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கால் வரிசையில் முதல் எறிதல், பக்கவாட்டில் நகர்ந்து, பாதங்கள் சேர்ந்த கணத்தில் ஒரு அள்ளல். டீச்சர் காற்றில் படுத்தார், 'டப்'. செல்வியின் விரல்கள் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. நிமிர்ந்து நின்றார். இடப்பக்கமும் நின்றார். கணுக்காலில் அணை வைக்கும் இரண்டாவது எறிதல். நின்றார். இனி தொடையால் தூக்குவது மட்டும். வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் செல்வி தூக்கினார், ஸ்டெல்லா டீச்சர் ஒரு முழு வட்டம் சுற்றி வந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் அவருடைய குதிகால் செல்வியின் முழங்காலில் நன்றாக இடித்தது.

செல்வி அசையவில்லை. தூண்போல் நின்றார். ஆனால் கீழே படுத்திருந்த ஸ்டெல்லா டீச்சரின் கை தானாக எழுந்தது. செல்வியின் முழங்காலைத் தொட்டது. கண்ணுக்குப் போயிற்று.

போனபிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. "அய்யய்யோ" என்று உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. செல்வி மேலே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக நாங்கள் மூவரும் ஒரு கையைக் காவல் காத்தோம், இன்னொரு கையை யாரும் நினைக்கவில்லை.

வணங்கி முடித்து அவர்கள் ஓரமாகப் போனதும் ஹயாஷி என் பக்கம் சாய்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடைசியில் விழுந்தவர் ஏதோ செய்தார். அது என்ன?"

ஏதாவது கதை சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. "எங்கள் மக்களுக்கு ஒருவர் மேல் கால் பட்டால் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியாது" என்றேன். "எறிந்தவருக்கும் அது இருக்கிறது. விழுந்தவர் அவருடைய பழைய டீச்சர். எறிந்தவர் ஒரு வாரமாகத் தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்."

"அதனால்தான் முதலில் அவ்வளவு நேரம் குனிந்தாரா?"

"ஆமாம். மொத்தத்துக்கும் சேர்த்து."

கீழே ஒலிபெருக்கியில் யாரோ தாய்மாமனைப் பந்திக்கு அழைத்தார்கள். ஹயாஷி தாளை எடுத்தார். "பரீட்சை எறிந்தவருக்கு. விழுந்தவர் தன் கண்ணைத் தொட்டுக்கொள்வதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை" என்றார். எழுதிக்கொண்டே, "எறிந்தவரின் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சட்டையை விடத் துடித்தது, விடவில்லை. நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பிடியைப் பார்த்ததில்லை" என்றார். தாளை என்னிடம் நகர்த்தினார். நானும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

பாஸ் என்று செல்வியிடம் சொன்னபோது அவர் அழவில்லை. ஸ்டெல்லா டீச்சர்தான் ஒப்பாரி வைத்தார். "என்னால போயிருக்குமேடி, என்னால போயிருக்குமே" என்று செல்வியைக் கட்டிக்கொண்டார். காதுகுத்து வீட்டார் எங்களை விடவில்லை. ஹயாஷி வாழை இலைக்கு முன்னால் கால் மடித்து உட்கார்ந்து, எலும்பைச் சத்தம் வராமல் கடித்துத் தின்றார். அவருக்குப் பரிமாறிய அண்ணன் அவர் போதும் என்று சொன்ன எந்த மொழியையும் காதில் வாங்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் நான் பார்த்த கடைசி இடம் அந்தப் பள்ளிக்கூடத்து அறை. தையல் மிஷின் வரவில்லை. விரிப்புகள் விரிந்திருந்தன. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்க, கறுப்பு பெல்ட் கட்டிய செல்வி நடுவில் நின்றார். நானும் ஸ்டெல்லா டீச்சரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

செல்வி ஒரு வாயாடிப் பிள்ளையைக் கூப்பிட்டார். எப்படி நகர வேண்டும், எப்போது பாதம் சேரும், உள்ளங்காலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். "இப்ப என் காலைத் தட்டு."

அந்தப் பெண் பின்னால் போனாள். "உங்க காலையா மிஸ்? மாட்டேன் மிஸ்."

"சரி, அந்த மலேசியா மேடம் காலைத் தட்டுறியா?" என்றார் செல்வி. அவள் என்னைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு அடி பின்னால் போனாள். அறை முழுவதும் சிரித்தது.

செல்வி சிரிக்கவில்லை. விரிப்பில் மண்டியிட்டார். அந்தப் பெண்ணையும் எதிரே மண்டியிடச் சொன்னார். "இங்க பாரு. முதல்ல மன்னிப்பு. என்னென்ன கேக்கணுமோ இப்பவே கேட்டுரு. அப்புறம் யாரு காலா இருந்தாலும் தட்டணும். பஸ்ல எவனாவது கையப் புடிச்சா, அவங்கிட்ட மட்டும் முன்னாடியும் கேக்க வேண்டாம், பின்னாடியும் கேக்க வேண்டாம். சரியா?"

பிள்ளை நெற்றி விரிப்பில் படும்வரை குனிந்தாள். நீளமாகக் குனிந்தாள். எனக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எழுந்து, சட்டையைப் பிடித்து, பக்கவாட்டில் நகர்ந்தார்கள். செல்வியின் பாதங்கள் சேர்ந்தன. சின்னக் கால் ஒன்று அள்ளியது. அத்தனை உயரமான செல்வி காற்றில் படுத்து, 'டப்'பென்று விழுந்தார்.

அந்தப் பெண் செல்வியின் சட்டைக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, நிமிர்ந்து, பயந்துபோய் நின்றாள். விடவில்லை.

கீழே கிடந்த செல்வி அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னொன்னு போடுடி" என்றார்.